இரவல் தொண்டை

லௌலோவா,
சவாயித் தீவு.

என் அன்பு மகள் பிலேமுவுக்கு,

உன்னைப் பெற்றவன் எழுதும் மடல். பிரிசுபேன் நகரின் குளிரிலும் ஓட்டத்திலும் உன் உடலும் உள்ளமும் நலமாயிருக்க வேண்டுமென்று மாலைதோறும் சங்கு ஊதியதும் உன் பெயரை முதற்பெயராகச் சொல்லி ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறோம். இங்கே உன் அம்மா நலம். உன் அண்ணன் எலியா நலம். அவன் நலமாயிருப்பதே ஒரு கதை, பின்னால் சொல்கிறேன். சேம்பு நன்றாகக் கிழங்கு வைத்திருக்கிறது, ஈரப்பலா காய்த்துக் கொட்டுகிறது, பன்றிகள் நம் எல்லாரையும்விட நலம். நலமில்லாதது என் தொண்டை ஒன்றுதான். ஆப்பியா மருத்துவமனையில் அதிலிருந்த கட்டியை எடுத்தார்கள் என்பதை நீ அறிவாய். கட்டி தீயதன்று என்று மருத்துவர் உறுதி சொன்னார், ஆண்டவருக்கு நன்றி. ஆனால் அந்தக் கட்டி வெளியேறும்போது என் குரலையும் வழித்துணைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், அதுவரை முணுமுணுப்புக்கு மேல் வேண்டா என்பது மருத்துவர் கட்டளை. ஊருக்காகப் பேசுபவனின் அடையாளமான வீசுகோலும் நீள்கோலும் ஏந்தித் திடலில் நின்றால் அடுத்த ஊர் நாய்களும் குரைப்பதை நிறுத்திக் கேட்கும் என்று பெயர் வாங்கிய பேச்சாளன், இப்போது சோறு வேண்டுமென்றால் தட்டில் கரண்டியால் தட்டுகிறேன். ஒரு தட்டு ஆம், இரண்டு தட்டு இல்லை. உன் அம்மா எத்தனை தட்டினாலும் தனக்கு வேண்டியதையே கேட்டுக்கொள்கிறாள். திருமணமான பிறகு முதன்முறையாக எல்லா வழக்கிலும் அவளே வெல்லும் காலம் இதுதான் என்பதால், என் குரல் திரும்ப வேண்டுமென்று அவள் வேண்டுவதில் போதிய சூடு இல்லையோ என்றும் எனக்கு ஓர் ஐயம் உண்டு.

உன் மடல் வந்தது. செவிலியர் தேர்வில் இரண்டாம் முறையும் தவறிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். அது ஒன்றும் வானம் இடிந்து விழுந்த செய்தியன்று. அதற்குக் கீழே, "அப்பா, எனக்குத் தெம்பே தீந்துபோச்சு, ஜெபம் பண்ண உக்காந்தாக்கூட வாய் வரமாட்டேங்குது" என்று எழுதியிருந்தாயே, அதுதான் என்னை உறங்கவிடவில்லை. வாய் வரவில்லை என்பதை யாரிடம் வந்து சொல்கிறாய், மகளே? அந்த வாய் வராத நாட்டுக்கு நான் உனக்கு முன்பே குடிபோனவன். வலுவற்ற இடத்தில்தான் இறைவனின் வலிமை முழுமையாகத் தங்கும் என்பதை நம் திருச்சபையில் நான் எத்தனை முறை முழங்கியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஒலிபெருக்கி பழுதான ஞாயிறுகளில்கூட எவரும் அதைப் பழுதென்று உணர்ந்ததில்லை. உன் மடலை உன் அம்மாவிடம் காட்டி, இதே கருத்தை நாலு வரியில் உனக்கு எழுதட்டுமா என்று சைகையில் கேட்டேன். அவள் சேம்பு சீவிக்கொண்டே, "வேண்டாம். இத்தனை வருசமா அத நீங்க கத்திக் கத்திச் சொன்னீங்க, மத்தவங்கதான் கேட்டாங்க. இப்பத்தான் நீங்க கேக்குற முறை. மொதல்ல கேட்டு முடிங்க, பிறகு பிள்ளைக்குச் சொல்லலாம்" என்றாள். ஆகவே அறிவுரையைக் கட்டி வைத்துவிட்டு, உன் அண்ணன் செய்த கூத்தையும் அதில் நான் கேட்டு முடித்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

விடுதலை நாள் படகுப் போட்டிக்கு ஆறேழு கிழமைகள் இருந்தன. நம் பக்கத்துப் பலேவாய் ஊரார் தங்கள் நெடும்படகைக் கொட்டகையிலிருந்து இறக்கி, சாலையைக் கடந்து கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேருக்கு மேல் உட்கார்ந்து துடுப்பிடும் படகு. சென்ற ஆண்டு நம் ஊர்ப் படகை மூக்களவில் முந்தி, அந்த மூக்கை ஆண்டு முழுவதும் நம்மிடம் காட்டிக்கொண்டிருந்த படகு. அந்த நேரத்தில்தான் உன் அண்ணன் தன் பேருந்தை ஓட்டிவந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு இசைக்குழு புதுப்பாட்டு ஒன்று பழகிக்கொண்டிருந்தது, அவனோ அடிக்குரல் அணியின் தலைவன். பேருந்தின் பின்னிருக்கையில் மேற்குரல் பாடும் பெண்கள் நாலைந்து பேர் இருந்திருக்கிறார்கள், சும்மா வருவார்களா, பாடத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் பிறந்தவன் எவனும் பாட்டில் தன் இடம் வரும்போது வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான். எலியா, எந்த இடத்தில் நுழைய வேண்டுமென்று அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பினான். அடிக்குரல் நுழைய வேண்டிய இடத்தில் பேருந்து நுழைந்தது. படகைத் தள்ளியவர்கள் துள்ளி விலகியதால் எவருக்கும் ஒரு கீறலும் இல்லை. அது ஆண்டவர் செயல். ஆனால் படகின் பின்பக்கம் முழுதும் அடுப்புக்கு நறுக்கிய விறகுபோல் சிதறிவிட்டது. இறங்கிவந்த உன் அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு, "மன்னிச்சுருங்கண்ணே, பிரேக்குல கால் வச்சுட்டேன், ஆனா பாட்டு அந்த இடத்துல நிக்காது" என்றானாம். அதற்குப் பிறகு அவன் பேருந்தில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லை. பலேவாய் இளைஞர் துடுப்பால் அடிக்க, மேற்குரல் பெண்களில் ஒருத்தி தன் பனையோலை விசிறியால் திருப்பி அடித்திருக்கிறாள். செய்தி கேட்டு நம் இளைஞர்கள் கத்தியோடு ஓட, அவர்கள் கல்லோடு வர, இரண்டு ஊர் ஆயர்களும் சாலை நடுவே கைகோத்து நின்றுதான் அன்று குருதி சிந்தாமல் காத்தார்கள்.

ஊர்மன்றம் கூடியது. பாய் போர்த்தி மன்னிப்புக் கேட்பது என்று முடிவாயிற்று. விடியுமுன் போய் அவர்கள் தலைவர் வீட்டு முன்றிலில் உட்கார்ந்து, தலைமேல் மென்பாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவர்கள் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு, தூக்காவிட்டால் எதுவும் நடக்கலாம், பாய் கல்லைத் தடுக்காது. நம் தலைவர் என்னைப் பார்த்துச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்: "லௌதேலே, உன் மனசு கஷ்டப்படும்னு தெரியும். ஆனா அவங்க பாயத் தூக்கலேன்னா எலியா இந்த ஊர்ல இருக்க முடியாது. அவன் மூஞ்சியப் பாக்குறப்பெல்லாம் அவங்களுக்குப் படகு ஞாபகம் வரும், பிறகு வெட்டுக்குத்துல முடியும்." அதை நான் உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வேன் என்று தவித்தபடி வீடு வந்தால், செய்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் அழவில்லை. "ஒண்ணு பிரிசுபேன்ல. இன்னொண்ணையும் எங்கயாவது அனுப்பிட்டா, நான் பன்னிங்களுக்குப் பேர் வச்சுக் கூப்பிட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் தாய்வீட்டுச் சீராக வந்த மென்பாயை, எந்தக் கல்யாணத்துக்கும் எந்தச் சாவுக்கும் வெளியே எடுக்காத அந்தப் பாயை, பெட்டியிலிருந்து எடுத்து உதறி என் மடியில் வைத்தாள்.

பேச வேண்டியவன் யார்? ஊரின் பேச்சாளனும் நான், குற்றவாளியின் தந்தையும் நான். இளைய பேச்சாளர் ஆக்லாந்தில் மகள் வீட்டில் இருந்தார். நான் அடுக்களைக் குடிலின் பின்னால் போய் மண்டியிட்டேன். அன்று ஆண்டவரோடு நான் பேசியதை வேண்டுதல் என்று சொல்ல நாணமாயிருக்கிறது, அது சந்தைப் பேரம். ஆண்டவரே, ஒரே ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும் என் குரலை எனக்கே இரவல் தாரும், உச்சிப்பொழுதுக்குள் ஒரு கீறலும் இல்லாமல் திருப்பித் தந்துவிடுகிறேன், வேண்டுமானால் அதற்கு ஈடாக இன்னும் சில திங்கள் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றேன். கேட்டது கிடைத்ததா என்று ஆய்ந்து பார்க்கத் தொண்டையைச் செருமி ஒரு முழக்கம் முழங்கினேன். பன்றிதான் ஓடிவந்தது, தவிடு வைக்கக் கூப்பிட்டதாக எண்ணிக்கொண்டு.

எதிரே நிற்கப் போகிறவன் சோலியாய் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பலேவாய் ஊரின் பேச்சாளனை நீ மறந்திருக்க மாட்டாய். உன் அத்தை மகள் திருமணத்தில் அவன் பேசி முடிப்பதற்குள் சுட்ட பன்றி ஆறிப்போய் மறுபடியும் சுட வேண்டியதாயிற்றே, அவனேதான். நான் எட்டடி பாய்ந்தால் அவன் பதினாறடி பாய்வான். நான் பதினாறடி பாய்ந்தால், குதித்தது குற்றம் என்று ஒரு பழமொழி சொல்வான். இளமை முதல் இரண்டு ஊர் நன்மை தீமைகளிலும் எதிரெதிரே நின்றே நாங்கள் நரைத்தோம். என் மகன் தலையை உருட்ட அவனுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது என்று எண்ணினேன்.

விடியுமுன் போய் உட்கார்ந்தோம். நம் தலைவர்கள் பின்னால், எலியாவும் நானும் முன்னால் ஒரே பாய்க்குள். உள்ளே ஒரே வேர்வை, இருட்டு. உன் அண்ணன் என் காதில், "அப்பா, கல்லு விழுமா?" என்றான். நான் அவன் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவன் சிறிது நேரம் எண்ணிப்பார்த்துவிட்டு, "ரெண்டுன்னா இல்லையா, இல்ல ரெண்டு கல்லா?" என்றான். சாகும் நேரத்திலும் இவன் வாய் சாகாது, உன் அம்மா பக்கத்துக் குருதி. பொழுது ஏறியது. பாயின் இழை வழியே பார்த்தால் அவர்கள் தலைவர் ஆலைமாலோ வீட்டின் ஓலைத்தட்டிகள் எல்லாம் இறக்கிக் கிடந்தன. உள்ளே அவர் இருக்கிறார், எங்களைப் பார்க்கிறார், வெளியே வரவில்லை. முன்றிலைச் சுற்றித் துடுப்பூன்றிய இளைஞர் கால்கள் மட்டும் காடுபோல் தெரிந்தன.

பிறகு நீள்கோல் தரையில் ஊன்றும் ஓசை கேட்டது. சோலியாய் வந்து நின்று குற்றச்சாட்டை எடுத்துரைத்தான். நல்ல உரை, பொறாமைப்படத்தக்க உரை. முடிவில் எங்களைப் பார்த்து விடை கேட்டான். நான் இரவெல்லாம் அடுக்கி வைத்திருந்த முன்னுரையைத் தொடங்கினேன். காற்றுப் போன பந்தின் ஒலி வந்தது. கூட்டத்தில், "என்னவாம்? கேக்கலையே!" என்று சலசலப்பு. சோலியாய் குனிந்தான், காதைப் பாய்மேல் வைத்தான், அதுவும் போதாமல் முனையைச் சற்றே விலக்கித் தன் தலையை உள்ளே நுழைத்தான். மூன்று பேர் முகமும் ஒரே இருட்டில். "யோவ் லௌதேலே, என்னய்யா இது, எலி கீச்சுற மாதிரி? சத்தமாப் பேசு" என்றான். தொண்டையைக் காட்டினேன், தையல் தழும்பைக் காட்டினேன். "அட, நெசந்தானா? நேத்து சொன்னாங்க, நீ நடிக்கிறேன்னுல்ல நெனச்சேன்" என்றான். நடித்தால் இதைவிட நன்றாக நடிப்பேன் என்று முணுமுணுத்தேன். "அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டவன் திடீரென்று சினந்தான்: "அப்ப நான் ராத்திரி பூரா உக்காந்து உனக்குப் பதில் கட்டி வச்சிருக்கேனே, அத என்ன பண்றது? நீ பேசலேன்னா நான் எதுக்குப் பதில் சொல்றது? சரி, காதுல சொல்லித் தொலை, நான் எடுத்துச் சொல்றேன். அப்புறம் அதையே கிழிக்கிறேன்." 

அப்படித்தான், மகளே, என்னைக் கிழிக்க வந்தவன் எனக்கு வாயானான். தவறு எங்களுடையது, இவன் என் மகன் என்று முணுமுணுத்தேன். அவன் தலையை வெளியே எடுத்து அதை வறண்ட குரலில் ஒப்பித்தான், வேண்டுமென்றே உப்பில்லாமல். அந்த நேரத்தில்தான் அவர்களுடைய படகுத் தலைவர், போட்டியில் முழங்கும் அதே குரலில், "ஏ சோலியாய், லௌதேலே பேசுனா கோவமாவது வரும், இல்ல அழுகையாவது வரும். நீ சொல்றது கடைல மீன் விலை சொல்ற மாதிரில்ல இருக்கு!" என்றார். முன்றிலெங்கும் சிரிப்பு. சோலியாயின் கால்விரல்கள் மண்ணைப் பற்றியதை நான் பாய்க்கு அடியிலிருந்து கண்டேன். தன் ஊரார் நடுவே, தன் திடலில், எதிரூர்ப் பேச்சாளனைவிடக் குறைவு என்ற சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் பேச்சாளன் இன்னும் பிறக்கவில்லை. அடுத்த வரிக்கு அவன் தலை உள்ளே வந்தபோது கண்கள் வேறு கண்களாயிருந்தன. படகை நாங்களே சரிசெய்து தருகிறோம் என்று நான் சொன்னேன். அவன் நிமிர்ந்து நின்றான், தன் ஊர்த் தலைவர்களின் பட்டப்பெயர்களை ஒன்றுவிடாமல் முறையாகச் சொல்லி அழைத்தான், கடலைச் சான்றுக்கு அழைத்தான், ஒரு படகு உடைந்தது என்பதற்காக இரண்டு ஊர் உடையலாமா என்றான். மரம் காட்டில் முளைக்கும், மகன் எந்தக் காட்டில் முளைப்பான் என்றான். நான் சொல்லாதது, மகளே, என் முன்னுரையிலும் இல்லாதது! எலியா என் காதில், "அப்பா, இவரு நமக்காவா பேசுறாரு?" என்றான். ஒரு தட்டுத் தட்டினேன். நான் இரண்டு சொல் கொடுத்தால் அவன் இருபது கட்டினான். நான் தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தையே கண்ணீராக்கினான். பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் ஓசை எழுந்தது. கால்களின் காட்டில் ஒரு துடுப்பு தரையில் சாய்ந்தது, பிறகு இன்னொன்று. ஓலைத்தட்டி மட்டும் அசையவில்லை.

வேர்வை சொட்டச் சொட்ட அவன் தலை மறுபடியும் உள்ளே வந்தது. "ம், அடுத்தது சொல்லு, நல்லாப் போகுது" என்றான், தான் எந்தப் பக்கம் என்பதை அடியோடு மறந்துவிட்டு. எனக்கோ சொல் தீர்ந்துவிட்டது. இரவெல்லாம் அடுக்கியவை எங்கே போயின என்று தெரியவில்லை. தொண்டை தீப்பற்றி எரிந்தது. "தண்ணீர்" என்றேன். அவன் புருவத்தைச் சுருக்கி, "தண்ணியா? நல்ல வார்த்தைதான், ஆனா இத எதுல வச்சுக் கட்றது?" என்றான். கட்டாதே ஐயா, எனக்கு மெய்யாகவே தண்ணீர் வேண்டும் என்றேன். என்னைச் சற்று நேரம் பார்த்தான். முதன்முறையாக, எதிரே நிற்கும் பேச்சாளனாக அல்லாமல், தையல் போட்ட கிழவனாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். தலையை எடுத்துக்கொண்டு எழுந்தான். இதோ அருவியும் ஆறும் வரப்போகின்றன என்று நான் காத்திருந்தேன். அவன் நீள்கோலைத் தாழ்த்தி, வீட்டைப் பார்த்து, பக்கத்து வீட்டில் கேட்பதுபோல், "ஐயா, அந்த மனுசனுக்குத் தண்ணி வேணுமாம். காலைலருந்து குடிக்கலை" என்றான். அவ்வளவுதான்.

ஓலைத்தட்டி மேலே ஏறியது. ஆலைமாலோ தாமே வந்தார், கையில் சீவிய இளநீரோடு. மூட்டு வலி உள்ளவர், ஒவ்வோர் அடியும் கேட்டது. அவர் நிழல் எங்கள் பாய்மேல் விழுந்து நின்றது. எல்லாருக்கும் தெரியும்: இளநீரைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போகவும் அவருக்கு வழி உண்டு. அவர் விரல் பாயின் ஓரத்தைத் தொட்டு அப்படியே இருந்தது. நான் வேண்டிக்கொள்ளக்கூட இல்லை, மகளே. வேண்டுவதற்கு எனக்குள் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பிறகு வெளிச்சம் வந்தது. பாயை என் தலையிலிருந்து எடுத்தார், எலியா தலையிலிருந்தும் எடுத்தார், "மேல பாயப் போட்டுக்கிட்டு எப்படிக் குடிப்ப? குடி. குடிச்சுட்டு உள்ள வாங்க, எல்லாரும்" என்றார். உன் அண்ணனை மேலும் கீழும் பார்த்து, "பாட்டுக்காரன் இவன்தானா? உள்ள வந்து பாடு தம்பி. கண்ண முன்னால வச்சுப் பாடு" என்றார். அந்த இளநீரை நான் குடித்தேனா அழுதேனா என்று கேட்காதே. இரண்டும் உப்பாகத்தான் இருந்தன. உள்ளே முறைப்படி சோலியாய் விடையுரை சொல்ல எழுந்தான். நீள்கோலை ஒருமுறை சுற்றிப் பார்த்தான், "சொல்ல வேண்டியதெல்லாம் வெளியவே சொல்லிட்டேன் போல இருக்கு" என்று உட்கார்ந்துவிட்டான். அவன் வாழ்நாளின் மிகக் குறுகிய உரை அதுதான். சுட்ட பன்றியைச் சூடாகவே தின்றோம்.

நான் ஆண்டவரிடம் என் குரலை இரவல் கேட்டேன். அவர் என் எதிரியின் தொண்டையை எடுத்துத் தந்தார். அதுவும் போதாதென்று, ஓலைத்தட்டியைத் தூக்க வேண்டிய இடத்தில் அந்தத் தொண்டையையும் ஒதுக்கிவிட்டு, என் தாகத்தைக் கருவியாக எடுத்துக்கொண்டார். நான் வலுவென்று எண்ணியது எதுவும் அன்று பயன்படவில்லை. எனக்கு இல்லாமற்போனதுதான் பயன்பட்டது. இதில் என் பெருமை ஒன்றுமில்லை, நான் நடுங்கிக்கொண்டிருந்தவன். ஆகவே உனக்குச் சொல்கிறேன், உன் அம்மா இப்போது இசைவு தந்துவிட்டாள்: வேண்டுதலுக்கு வாய் வரவில்லையென்றால் நீட்டி முழக்காதே. "தண்ணி" என்கிற அளவுக்குச் சொல், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். எந்த வழியாகத் தர வேண்டும், எவர் கையால் தர வேண்டும் என்று மட்டும் அவருக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்காதே, நான் கொடுத்துப் பார்த்துவிட்டேன். உன்னை இரண்டு முறையும் தவறச் செய்த அந்த ஆசிரியையைச் சுறா என்று எழுதியிருந்தாயே, மருந்தின் அளவுக்கணக்குத்தான் உன்னை வீழ்த்துகிறதென்றால் அந்தச் சுறாவிடமே போய், எனக்கு இது தெரியவில்லை, சொல்லித் தாருங்கள் என்று கேள். கடித்தால் எனக்கு எழுது. ஆண்டவர் உனக்காகக் கணக்குப் போடமாட்டார், சோலியாய்க்கும் நான் இரண்டு சொல்லாவது கொடுக்க வேண்டியிருந்தது. வேளைக்குச் சாப்பிடு, அந்த அட்டைப்பெட்டி நூடுல்சைச் சாப்பாடு என்று சொல்லாதே.

படகுக் கதையின் மிச்சம் இது. நம் ஊர்த் தச்சர்கள் நம் காட்டு மரத்தால் பின்பக்கத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். ஆலைமாலோ ஒரே ஒரு கட்டளை போட்டார்: உடைத்தவன் உடைத்த இடத்திலேயே உட்கார்ந்து துடுப்பிட வேண்டும். ஆக, விடுதலை நாளன்று உன் அண்ணன் பலேவாய் ஊர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு நம் ஊருக்கு எதிராகத் துடுப்பிட்டான். கரையில் நம் ஊரார் ஒருபக்கம், அவர்கள் ஒருபக்கம், நடுவில் சோலியாயும் நானும். படகுகள் இரண்டும் மூக்கோடு மூக்காக வந்தபோது நானும் துள்ளிக் குதித்து வாயைத் திறந்து கத்தினேன், மருத்துவர் மன்னிப்பாராக. ஓசைதான் இல்லையே! பலேவாய் மறுபடியும் மூக்களவில் முந்தியது. நம் ஊர்த் தலைவர் என்னிடம் வந்து, "லௌதேலே, உண்மையச் சொல்லு, எந்தப் படகுக்குக் கத்துன?" என்றார். நான் தொண்டையைக் காட்டி, வானத்தைக் காட்டினேன். ஆண்டவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது என்று பொருள். உன் அம்மா மட்டும், "நான் பந்தயத்தைப் பாக்கல, உங்க உதட்டத்தான் பாத்தேன்" என்கிறாள். அன்றுமுதல் வீட்டில் தட்டுக் கழுவுகிறவன் நான்தான்.

அன்று மாலை சங்கு ஊதியபோது எலியா அந்த ஈரச் சட்டையோடு பாயில் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தான். உன் இடத்தில் நாங்கள் ஒருவரையும் உட்காரவிடுவதில்லை. பாட்டை உன் அம்மா எடுத்தாள், அடிக்குரலை அவன் சரியான இடத்தில் எடுத்தான், நான் உதட்டை அசைத்தேன்.

உன் போக்கையும் வரவையும் ஆண்டவர் காப்பாராக. நீ தேர்ந்தாலும் தவறினாலும் அவருடைய கை உன் தலைமேல் இருப்பதாக. எங்கள் இருவர் வாழ்த்தும் உன்னோடு இருப்பதாக. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து உணவுக்கு முன் அம்மாவைத் தொலைபேசியில் அழைக்க மறவாதே. என்னையும் கேள்: நான் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால், நன்றாயிருக்கிறேன், உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று பொருள்.

ஓசையின்றி வாழ்த்தும்
உன் தந்தை,
லௌதேலே